ஆய்வேட்டுக்குத் தலைப்பு பக்கத்துத் தெருவில் இருக்கிறது

மார்ச் பிறந்தால் புனே ஹடப்சரின் ஜெராக்ஸ் கடைகளில் கால் வைக்க இடமிருக்காது. காடீதள் பக்கத்துக் கடைகளில் கடைசி வருஷப் பிள்ளைகள் பென் டிரைவும் கையுமாக நிற்பார்கள். கறுப்பு அட்டையில் தங்க எழுத்து என்றால் ஒரு விலை, ஸ்பைரல் பைண்டிங் என்றால் ஒரு விலை. இன்ஜினீயரிங் பிள்ளைகளுக்கு அது ‘பிளாக் புக்’, பி.எஸ்சி. பிள்ளைகளுக்கு ‘புராஜெக்ட்’, ஆர்க்கிடெக்சர் பிள்ளைகளுக்கு ‘தீசிஸ்’.

இவற்றில் பல, பைண்டிங்குக்குப் போகும் முன் என் சாப்பாட்டு மேசைக்கு வந்துவிடும். எங்கள் குடியிருப்பில் இங்கிலீஷ் திருத்திக் கொடுப்பவள் என்று எனக்கு ஒரு பெயர் உண்டு. அதனால் வேதியியல், வரலாறு, சிவில், பொருளாதாரம் என்று என் படிப்புக்குச் சம்பந்தமே இல்லாத ஆய்வேடுகளையெல்லாம் வாசிக்கும் வாய்ப்பு பல வருஷமாகக் கிடைத்திருக்கிறது. அதை வைத்துத்தான் இந்தப் பதிவு. கல்லூரியில் பிள்ளைகள் இருக்கும் வீட்டுக்காரர்கள் கொஞ்சம் பொறுமையாகப் படியுங்கள்.

இதை இப்போது எழுத ஒரு காரணம் இருக்கிறது. 2020 தேசியக் கல்விக்கொள்கையை ஒட்டி, யு.ஜி.சி. 2022 டிசம்பரில் இளங்கலைக்கான கிரெடிட் கட்டமைப்பை வெளியிட்டது. மூன்று ஆண்டு முடித்தால் 120 கிரெடிட்டோடு பட்டம். நான்காம் ஆண்டும் படித்தால் 160 கிரெடிட், ஆனர்ஸ். முதல் ஆறு செமஸ்டரில் 75 சதவீதம் வாங்கியவர்கள் நான்காம் ஆண்டில் ஆய்வு எடுக்கலாம். ஆய்வேட்டுக்கு மட்டும் 12 கிரெடிட். தமிழ்நாடு இந்தக் கொள்கையை ஏற்காத மாநிலம், அங்கே பேச்சு வேறு. மகாராஷ்டிரத்தில் பல்கலைக்கழகத்தோடு இணைந்த கல்லூரிகளில் 2024-25ல் சேர்ந்தவர்களுக்கு இது நடைமுறைக்கு வந்துவிட்டது. அவர்கள் 2027-28ல் நான்காம் ஆண்டுக்கு வருவார்கள். இதுவரை ஐசர், பெங்களூர் ஐ.ஐ.எஸ்சி. போன்ற இடங்களில் இருந்த வழக்கம், ஹடப்சரிலும் மாஞ்சரியிலும் சாதாரணக் கல்லூரிக்குப் போகும் பிள்ளைகள் கைக்கு வரப்போகிறது. எனக்கு இதில் நிஜமான சந்தோஷம். கூடவே பயமும் இருக்கிறது. அதைப் பின்னால் சொல்கிறேன்.

முதலில் ஒரு நல்ல ஆய்வேடு எப்படி உருவானது என்று சொல்கிறேன். என் நாத்தனார் மகள் எங்கள் வீட்டில் தங்கி பி.எஸ்சி. வேதியியல் படித்தாள். புராஜெக்டுக்கு முதலில் அவள் கொண்டுவந்த தலைப்பு, புனே மாவட்ட நிலத்தடி நீரின் தரம். மாவட்டம் முழுக்க! அவளுடைய கைடு அதைப் பார்த்துவிட்டு, “உன் பஸ் பாஸில் எதுவரைக்கும் போக முடியுமோ அதுவரைக்கும் எடு” என்றாராம். அப்படித்தான் ஃபுர்சுங்கிக்கு வந்து சேர்ந்தாள்.

ஃபுர்சுங்கி, உருளி தேவாச்சி இரண்டும் ஹடப்சரைத் தாண்டி சாஸ்வட் ரோட்டுப் பக்கம் உள்ள ஊர்கள். புனே நகரத்துக் குப்பை பல வருஷம் மலையாகக் கொட்டப்பட்டது அங்கேதான். கிணற்றுத் தண்ணீர் கெட்டுவிட்டது என்று ஊர்க்காரர்கள் குப்பை லாரிகளை மறித்துப் போராடியது பல தடவை செய்தியில் வந்தது. 2017ல் இரண்டு ஊரையும் மாநகராட்சியோடு சேர்த்தார்கள், பிறகு பிரித்துத் தனி நகராட்சி ஆக்கினார்கள். அரசியல் அறிவியல் படிக்கிற பிள்ளைக்கு அதிலேயே ஒரு முழு ஆய்வேடு இருக்கிறது.

அவள் செய்தது எளிய வேலை. போர்வெல் தண்ணீரின் கடினத்தன்மை, குளோரைடு, மொத்தக் கரைபொருள், இந்த மூன்று மட்டும். மோட்டாரைப் போட்டதும் வருகிற தண்ணீரைப் பிடிக்கக் கூடாது. குழாயில் தேங்கியது போகும்வரை ஓடவிட வேண்டும். அதே தண்ணீரில் பாட்டிலை மூன்று முறை அலச வேண்டும். லேபிளில் தேதி, நேரம், போரின் ஆழம், ஆழத்தைச் சொன்னது யார் என்பது வரைக்கும் எழுதினாள். “ஆழம் யார் சொன்னா என்னடி?” என்று கேட்டேன். “வீட்டுக்காரர் சொன்னா ஒரு கணக்கு, போர் போட்டவரே சொன்னா ஒரு கணக்கு அத்தை. ரெண்டும் ஒத்துப்போகாது” என்றாள்.

ஒரு சனிக்கிழமை அவளோடு ஆய்வகத்தில் உட்கார அனுமதி கிடைத்தது. தண்ணீரில் அம்மோனியா பஃபர் விட்டு, எரியோகுரோம் பிளாக் டி என்ற சாயத்தை ஒரு சிட்டிகை போட்டதும் குடுவை திராட்சை ரசச் சிவப்பாகிறது. பியூரெட்டிலிருந்து ஈ.டி.டி.ஏ. கரைசல் இறங்க இறங்கச் சிவப்பு மங்கி ஊதாவாகிறது. அந்த ஊதாவில் நிறுத்தக் கூடாது. துளித்துளியாக விட்டு, சிவப்பின் சாயலே இல்லாத நீலம் வரும் கணத்தில் குழாயை மூட வேண்டும். ஒரு துளி கூடினாலும் அந்த அளவு வீண். மூன்று முறை செய்து, மூன்றும் ஒத்து வந்தால்தான் நோட்டில் ஏறும். வீட்டில் பால் பொங்குவதைக்கூடக் கவனிக்காத பெண், அன்றைக்குக் கண் இமைக்காமல் நின்றாள்.

இந்திய தர நிர்ணயமான ஐ.எஸ். 10500ன்படி குடிநீரில் கடினத்தன்மை லிட்டருக்கு 200 மில்லிகிராம் வரை ஏற்கத்தக்கது. வேறு நீராதாரம் இல்லாத இடத்தில் 600 வரை அனுமதி. அவள் எடுத்த மாதிரிகள் பெரும்பாலும் இந்த இரண்டுக்கும் நடுவில் விழுந்தன. குப்பைதான் காரணம் என்று முடிவு எழுதிவிட்டாள். கைடு ஒரே ஒரு கேள்வி கேட்டார்: குப்பை மேடே இல்லாத பக்கத்தில் எவ்வளவு?

எதிர்த் திசையில் போய் எடுத்துப் பார்த்தால் அங்கேயும் தண்ணீர் கடினம்தான். புனே வட்டாரம் முழுக்க பசால்ட் பாறை. அதிலிருந்து கால்சியமும் மக்னீசியமும் கரைந்து வருவது இயல்பு, குப்பைக்குக் காத்திருக்க வேண்டியதில்லை. பாறையிலிருந்து அவ்வளவாக வராத குளோரைடுதான் இங்கே பேச வேண்டிய அளவு. அதில் வித்தியாசம் தெரிந்தது. ஆனால் அதற்கும் சாக்கடை, செப்டிக் டேங்க் என்று வேறு காரணங்கள் இருக்கலாம். கடைசியில் அவள் எழுதிய முடிவு மூன்றே வரி: கடினத்தன்மையை வைத்துக் குப்பையைக் குற்றம் சொல்ல முடியாது, குளோரைடை வைத்துச் சந்தேகப்படலாம், உறுதியாகச் சொல்ல நைட்ரேட்டும் கன உலோகங்களும் பார்க்க வேண்டும், அதற்குக் கருவி இல்லை. எனக்குத் தெரிந்து ஒரு இருபது வயதுப் பெண் எழுதக்கூடிய மிக நேர்மையான மூன்று வரிகள் அவை. போராடுகிற ஊர்க்காரர்களுக்கும் இப்படிப்பட்ட கணக்குதான் கைகொடுக்கும். எதிர்த்தரப்பு வழக்கறிஞர் ஒரே கேள்வியில் உடைத்துவிடும் கணக்கால் அவர்களுக்கு என்ன பயன்?

வேதியியலில் சாட்சி ஒரு நிறமாற்றம். வரலாற்றுப் பிள்ளைக்கு அது ஒரு கடிதம்.

ஹடப்சருக்கு ஒரு பெரிய போர் உண்டு என்பது இங்கே ஐ.டி. வேலைக்கு வந்த நம்மவர்கள் பலருக்குத் தெரியாது. 1802 அக்டோபர் 25, தீபாவளி நேரம். யஷ்வந்த்ராவ் ஹோல்கரின் படை, சிந்தியாவும் பேஷ்வாவும் சேர்ந்த படையை இந்த ஹடப்சர் வெளியில் முறியடித்தது. பேஷ்வா இரண்டாம் பாஜிராவ் புனேயை விட்டு ஓடி, வசையில் ஆங்கிலேயரிடம் தஞ்சம் புகுந்தார். டிசம்பர் 31 அன்று வசை ஒப்பந்தம் கையெழுத்தானது. மராட்டியரின் கடிவாளம் கிழக்கிந்தியக் கம்பெனி கைக்குப் போனது அந்த ஒப்பந்தத்தோடுதான். இன்றைக்கு நாம் டிராஃபிக்கில் நிற்கிற சோலாப்பூர் ரோட்டின் அக்கம்பக்கத்தில் நடந்த காரியம் அது.

இதில் பி.ஏ. மாணவர் என்ன புதிதாகச் செய்துவிட முடியும் என்று கேட்கலாம். புனேயில் பேஷ்வா ஆட்சியின் ஆவணத் தொகுப்பான பேஷ்வா தப்தர் இருக்கிறது. வரலாற்றாசிரியர் ராஜ்வாடே 1910ல் தொடங்கிய பாரத் இதிகாச சம்சோதக் மண்டலம் இருக்கிறது. பழைய மராத்தி ஆவணங்களின் மோடி எழுத்து வாசிக்கத் தெரியாவிட்டாலும், ஜதுநாத் சர்க்காரும் சர்தேசாயும் பதிப்பித்த புனே ரெசிடென்சி கடிதங்கள் அச்சில் இருக்கின்றன. அப்போது புனேயில் கம்பெனியின் ரெசிடென்டாக இருந்தவர் பேரி குளோஸ். அவருடைய கடிதங்களில் அந்த ஒரே வாரத்தை மட்டும் எடுத்துக்கொண்டு, எந்தச் செய்தி அவர் கண்ணால் கண்டது, எது ஆள் சொல்லிக் கேட்டது என்று பிரித்தாலே போதும். மராட்டியப் பேரரசின் வீழ்ச்சிக்கான காரணங்கள் என்று நூறு பக்கம் எழுதுவதைவிட இப்படி எழுதும் நாற்பது பக்கம் கனமானது. போர்வெல் போட்டவர் சொன்ன ஆழமா, வீட்டுக்காரர் சொன்ன ஆழமா என்று என் நாத்தனார் மகள் கேட்டதும் இதே கேள்விதான்.

அடுத்தது பொருளாதாரம். ஆயிரம் கிலோமீட்டர் தள்ளி விழுப்புரம் பக்கத்தில் நடந்த கதை என்றாலும், என் மனசுக்கு மிக நெருக்கமானது.

1915ல் கில்பர்ட் ஸ்லேட்டர் என்ற ஆங்கிலேயர், சென்னைப் பல்கலைக்கழகத்தின் முதல் இந்தியப் பொருளாதாரப் பேராசிரியராக வந்து சேர்ந்தார். பாடப்புத்தகத்தில் இருந்ததோ இங்கிலாந்தின் பொருளாதாரம். அவர் ஒரு கேள்விப் பட்டியல் தயாரித்துத் தம் மாணவர்களிடம் கொடுத்து, கிராமங்களுக்குப் போய் விசாரித்து எழுதச் சொன்னார். யாருக்கு எவ்வளவு நிலம், கூலி என்ன, கடன் எவ்வளவு, என்ன பயிர், என்ன சாப்பாடு. ராமநாதபுரம் ஜில்லா வடமலாபுரம், திருநெல்வேலிப் பக்கம் கங்கைகொண்டான், தஞ்சைப் பக்கம் பாலக்குறிச்சி, வட ஆர்க்காட்டில் தூசி, தென் ஆர்க்காட்டில் விழுப்புரம் பக்கம் இருவேல்பட்டு. மாணவர்கள் எழுதியதைத் தொகுத்து 1918ல் ‘சில தென்னிந்தியக் கிராமங்கள்’ என்று ஆங்கிலத்தில் புத்தகமாகப் போட்டார்.

அதோடு முடியவில்லை. 1936-37ல் பி.ஜே. தாமஸும் கே.சி. ராமகிருஷ்ணனும் அதே கிராமங்களுக்குத் திரும்பப் போகச் செய்து, 1940ல் மறுஆய்வை வெளியிட்டார்கள். 1980களில் எஸ். குகனும் ஜோன் மென்ச்சரும் இருவேல்பட்டுக்குப் போனார்கள். 2008ல் ஜான் ஹாரிஸ், ஜெ. ஜெயரஞ்சன், கே. நாகராஜ் மூவரும் போனார்கள். நிலம் யார் கையிலிருந்து யார் கைக்குப் போனது, கூலிக்காரர் பேரம் பேசும் நிலைக்கு எப்படி வந்தார், சாதியின் பிடி எங்கே தளர்ந்தது, எங்கே தளரவில்லை என்று ஒரே ஊரைத் தொண்ணூறு வருஷத்துக்குத் தொடர்ந்து பார்க்க முடிந்தது. அதற்கு முதல் கல்லை வைத்தவர்கள் கல்லூரி மாணவர்கள். அவர்கள் பெரிய கோட்பாடு எதுவும் சொல்லவில்லை. எண்ணினார்கள், கேட்டார்கள், கேட்டதை அடுத்தவர் சரிபார்க்கும்படி எழுதி வைத்தார்கள்.

ஏறத்தாழ அதே நேரத்தில் புனேயிலும் இது நடந்தது. விவசாயக் கல்லூரி முதல்வர் ஹெரால்ட் மான், பிம்ப்ளே சௌதாகர் என்ற கிராமத்தை வீடு வீடாக ஆராய்ந்து 1917ல் புத்தகம் வெளியிட்டார். துண்டு துண்டாகிப்போன நிலத்தையும் கடனையும் பற்றிய புத்தகம். அந்தக் கிராமத்தில் இன்று ஐ.டி. காரர்கள் மாடிக்கு மாடி ஃபிளாட் வாங்கிக் குடியிருக்கிறார்கள்.

ஹடப்சரில் இதற்கு ஈடான தலைப்பு மகர்பட்டா. கரும்பு விளைந்த 400 ஏக்கருக்கு மேற்பட்ட நிலத்தை, நூற்றுக்கு மேற்பட்ட விவசாயக் குடும்பங்கள் பில்டருக்கு விற்காமல் ஒன்றாகச் சேர்த்து, நில அளவுக்கு ஏற்பப் பங்கு எடுத்துக்கொண்டு தாங்களே நகரம் கட்டினார்கள். முன்னின்றவர் சதீஷ் மகர். பொருளாதாரம், ஆர்க்கிடெக்சர், எம்.பி.ஏ. என்று எந்தத் துறையில் பார்த்தாலும் மகர்பட்டா ஆய்வேடு ஒன்றிரண்டு இருக்கும். என் மேசைக்கும் வந்திருக்கின்றன. ஏறக்குறைய எல்லாமே ஒரே வெற்றிக்கதையைச் சொல்கின்றன. வெற்றிதான், மறுக்கவில்லை. ஆனால் நிலம் இருந்தவர்களுக்குப் பங்கு வந்தது. அந்தக் கரும்புத் தோட்டத்தில் வெட்டுக் கூலிக்கு நின்றவர்களின் பிள்ளைகள் இன்று எங்கே இருக்கிறார்கள்? இதைக் கேட்ட மாணவர் ஆய்வேடு ஒன்றுகூட இதுவரை என் கைக்கு வரவில்லை. ஒரு வருஷமும் நல்ல செருப்பும் இருந்தால் எடுத்துவிடலாம்.

மற்ற துறைகளை வேகமாகச் சொல்லிவிடுகிறேன். சிவில் பிள்ளைகளுக்கு பி.ஆர்.டி. இருக்கிறது. 2006 டிசம்பரில் காத்ரஜ், ஸ்வார்கேட், ஹடப்சர் தடத்தில் பஸ்ஸுக்குத் தனிப்பாதை விட்டார்கள்; நாட்டிலேயே இந்த முறையை முதலில் சோதித்த ஊர்களில் புனே ஒன்று. காலை எட்டிலிருந்து பத்துவரை ஒரு நிறுத்தத்தில் நின்று, எந்த பஸ் எத்தனை மணிக்கு வந்தது என்று ஒரு மாதம் குறித்தால் அது ஆய்வு. சமூகவியல், மானுடவியல் பிள்ளைகளுக்கு ஆஷாட ஏகாதசிப் பால்கி யாத்திரை. ஞானேஸ்வரர் பல்லக்கும் துக்காராம் பல்லக்கும் ஹடப்சர் வரை வந்து இங்கேதான் பிரிகின்றன. ஒன்று திவே காட் ஏறி சாஸ்வட் போகும், மற்றது சோலாப்பூர் ரோட்டில் லோணி காள்போர் போகும். டெக்கான் கல்லூரியின் இராவதி கர்வே வாரி என்னும் இந்த யாத்திரையில் தாமே நடந்து எழுதினார். பக்கத்தில் பக்கத்தில் பாடி வருபவர்கள் சாப்பாட்டு நேரத்தில் சாதிவாரியாகப் பிரிந்து உட்காருவதை அவர் கவனித்தது, கூட நடந்ததால்தான்.

துறையைத் தாண்டலாமா என்று தயங்குகிற பிள்ளைகளுக்கு நான் சொல்வது டி.டி. கோசாம்பியைத்தான். ஃபெர்குசன் கல்லூரியில் கணக்கு வாத்தியார். தட்சசீலத்தில் கிடைத்த பழங்காசுகளை ஒவ்வொன்றாகத் துல்லியமாக நிறுத்து, கைமாறிக் கைமாறித் தேய்ந்த அளவைப் புள்ளியியலில் போட்டு, காசுகளின் முன்பின் வரிசையைக் கண்டவர். புனேயைச் சுற்றி நடக்கும்போதெல்லாம் கண்ணில் பட்ட நுண்கற்கருவிகளைச் சேகரித்தவர்.

களத்துக்குப் போகாத துறைகள் இல்லையா என்று ஒரு இயற்பியல் மாணவன் என்னிடம் சண்டைக்கே வந்தான். நியாயமான கேள்வி. அவனுக்குச் சொன்னது இயற்பியல் விஞ்ஞானி சந்திரசேகர் கதை. 1928ல் ஜெர்மன் விஞ்ஞானி சோமர்ஃபெல்ட் சென்னைக்கு வந்தார். மாநிலக் கல்லூரியில் ஆனர்ஸ் படித்துக்கொண்டிருந்த சந்திரசேகர் அவர் தங்கியிருந்த ஹோட்டலுக்கே போய்ப் பார்த்தார். தாம் கரைத்துக் குடித்திருந்த சோமர்ஃபெல்டின் புத்தகம் ஏற்கெனவே பழையதாகிவிட்டது என்று அதை எழுதியவர் வாயாலேயே கேட்டார். உலோக எலக்ட்ரான்கள் பற்றி அவர் எழுதி இன்னும் வெளிவராதிருந்த கட்டுரையின் அச்சுப்படியை வாங்கிவந்து படித்தார். அதிலிருந்த புதிய புள்ளியியலை காம்ப்டன் சிதறல் என்ற ஒற்றைப் பிரச்சினைக்குப் பொருத்தி எழுதினார். 1929ல் ராயல் சொசைட்டியின் சஞ்சிகையில் அது வெளிவந்தபோது அவருக்குப் பட்டம் கிடைத்திருக்கவில்லை. காகிதத்திலேயே முடிகிற ஆய்வு அது. ஆனாலும் கேள்வி சின்னது, கணக்கு அவர் கையால் போட்டது.

இனி என் பயம். ஆன்லைனிலும் கடைகளிலும் ரெடிமேட் புராஜெக்ட் கிடைக்கிறது. கோடு, ரிப்போர்ட், வைவா கேள்விபதில் எல்லாம் சேர்த்து ஒரே பாக்கெட். முகத்தைப் பார்த்து அட்டெண்டன்ஸ் எடுக்கும் அதே மென்பொருளை வெவ்வேறு கல்லூரிப் பிள்ளைகள் வெவ்வேறு வருஷத்தில் என்னிடம் கொண்டுவந்தார்கள். ஒன்றில் நன்றியுரைப் பக்கத்தில் இன்னொரு கல்லூரி முதல்வரின் பெயர் அப்படியே இருந்தது. இப்போது சாட்ஜிபிடி வேறு. பிளேஜியரிசம் ரிப்போர்ட்டில் சதவீதம் குறைவாக வந்துவிட்டால் போதும் என்கிறார்கள். பிள்ளைகளை மட்டும் திட்டுவதில் அர்த்தமில்லை. ஒரு கைடு தலையில் இருபது முப்பது பிள்ளைகளைக் கட்டிவிட்டு, கெமிக்கல் வாங்க அவர்களையே காசு போடச் சொன்னால், கடைக்காரன்தான் ஜெயிப்பான். 2027-28ல் 12 கிரெடிட் ஆய்வேடு வரும்போது இந்த நிலைமை மாறியிருக்காவிட்டால், கறுப்பு அட்டைகளின் எண்ணிக்கைதான் கூடும்.

வாங்கிய ஆய்வேட்டைக் கண்டுபிடிக்க ஒரு வழி எனக்குத் தெரியும். அச்சடித்த ரிப்போர்ட்டைக் கேட்காதீர்கள். களக்குறிப்பு நோட்டைக் கேளுங்கள். அடித்தல் திருத்தல், தண்ணீர் பட்ட கறை, ‘இன்று வீட்டில் ஆள் இல்லை’, ‘மூன்றாவது அளவு ஒத்துவரவில்லை, நாளை மறுபடி’ என்று தேதியோடு எழுதியிருப்பார்கள். இதைக் கடையில் விற்க மாட்டார்கள். மதிப்பெண்ணில் பாதியை இந்த நோட்டுக்குக் கொடுக்க வேண்டும் என்பது என் கட்சி.

இன்னொன்றையும் கல்லூரிகளிடம் கேட்கிறேன். வைவா முடிந்து சில வருஷத்தில் இந்த ஆய்வேடுகள் கிலோ கணக்கில் ரத்திக் கடைக்கு, அதாவது பழைய பேப்பர் கடைக்குப் போகின்றன. நானே ஒருமுறை ஹடப்சர் ரத்திக் கடையில் பால்கி பற்றிய ஒரு பி.ஏ. ஆய்வேட்டைப் பழைய நாளிதழ்களுக்கு நடுவிலிருந்து எடுத்தேன். அதில் ஒரு திண்டியில், அதாவது சேர்ந்து பாடி நடக்கும் குழுவில், வந்த ஒவ்வொருவரின் ஊரும் தொழிலும் அட்டவணையாக இருந்தது. இன்னொருவர் இருபது வருஷம் கழித்து அதே திண்டியைப் பார்க்கப் போனால், அந்த அட்டவணைக்கு விலையே கிடையாது. ஸ்லேட்டர் மாணவர்கள் எழுதியது புத்தகமாகிப் பத்திரமாக இருந்ததால்தானே இருவேல்பட்டுக்குத் திரும்பப் போக முடிந்தது?

ஆகவே ஒவ்வொரு கல்லூரி நூலகமும் உள்ளூர் ஆய்வேடுகளுக்கென்று ஓர் அலமாரி ஒதுக்கட்டும். ரிப்போர்ட்டோடு மூலத் தரவையும், கேள்விப் பட்டியலையும், எந்தக் கிணறு எந்தத் தெரு என்ற வரைபடத்தையும் வாங்கி வையுங்கள். பேட்டி கொடுத்தவர்களின் பெயரை மட்டும் எடுத்துவிடுங்கள். புதிதாகத் தலைப்பு தேடி வரும் பிள்ளையை முதலில் அந்த அலமாரிக்கு அனுப்புங்கள். பழைய ஆய்வு ஒன்றைத் திரும்பச் செய்வதையே தலைப்பாக ஏற்றுக்கொள்ளுங்கள். என் நாத்தனார் மகளின் ஃபுர்சுங்கிக் கணக்கு, கிணறுகளின் பட்டியலோடு என்னிடம் இருக்கிறது. நைட்ரேட் பார்க்க வசதியுள்ள கல்லூரியில் படிக்கிற யாராவது அதே கிணறுகளுக்குப் போவதாக இருந்தால், அவளைக் கேட்டுக்கொண்டு பிரதி எடுத்துத் தருகிறேன்.